மண்ணெண்ணெயில் கழுவிய கரி

ராஜபாளையத்தின் கடைசி மில் காம்பவுண்டைத் தாண்டிய பிறகுதான் கையில் பொரிகடலைப் பொட்டலம் இருப்பதைக் கவனித்தேன். கல்லூரியில் பூஜை முடிந்ததும் எல்லோருக்கும் கொடுத்தது. வாய்ச்சண்டை போட்டுவிட்டு வெளியேறியவன் அதையும் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன். தூக்கி எறியக் கையை ஓங்கினேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போது ஞாபகம் வந்தது. பிரித்துத் தின்றுகொண்டே நடந்தேன். கோபம் குறையவில்லை. பொரி தின்றுகொண்டு கோபப்படுவது கொஞ்சம் கேவலமாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று ஆயுத பூஜை. தொண்ணூறுகளின் தொடக்கம். மில்கள் எல்லாம் நின்றுபோய், எப்போதும் அந்த ரோட்டில் காதுக்குள் இருக்கும் இரைச்சல் இல்லாமல் ஊரே செவிடானது போல இருந்தது. எதிரே வந்த லாரிகளின் முகத்தில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பஸ் கண்ணாடியில் சந்தனம். ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். ஒரு சைக்கிள் கடையில் காற்றடிக்கிற பம்புக்குக்கூடப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது. இரும்பு என்று பெயர் உள்ள எதற்கும் அன்று அந்த ஊரில் மரியாதை உண்டு. எனக்குத்தான் இல்லை.

ஒரு பஸ் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏலே, ஸ்ரீவில்லிபுத்தூரா? ஏறுதியா இல்லையா?" என்றார். கையை ஆட்டி அனுப்பிவிட்டேன். அன்று நான் இருந்த நிலையில் பக்கத்து சீட்டுக்காரன் ஜன்னலை மூடச் சொன்னால்கூட அடித்திருப்பேன். நடப்பதுதான் எல்லோருக்கும் நல்லது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மேடத்தின் வீடு. மறுநாள் காலையில் அவர் கல்லூரிக்கு வருவார். வந்ததும், அவர் மாதக்கணக்கில் சேர்த்து வைத்த கரியை நான்தான் துடைத்து எறிந்தேன் என்று அவரிடம் சொல்ல அங்கே ஏற்பாடு ஆகியிருந்தது. அதற்கு முன்னால் நான் போய் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் நடந்தேன்.

கரிக்கா இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். வீட்டை விட்டதும் அதே வருஷம்தான். கான்சாபுரம் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் சேர்ந்து, படம் ஓட்டும் மிஷினுக்குக் கார்பன் குச்சி மாட்டக் கற்றுக்கொண்டேன். அந்தக் காலத்துப் புரொஜெக்டருக்கு வெளிச்சம் பல்பிலிருந்து வராது. இரண்டு கார்பன் குச்சிகளை நுனியோடு நுனி கிட்டே கொண்டுவந்து கரண்ட் விட்டால், நடுவில் கண் கூசிப் பார்க்க முடியாத ஒரு வெளிச்சம் எரியும், ஆர்க் என்போம். குச்சி எரிந்து குறையக் குறைய, கையால் திருகித் திருகி இடைவெளியைச் சரியாக வைக்க வேண்டும். விட்டால் அணைந்துவிடும். தியேட்டரில் விசில் பறக்கும், அப்பா அம்மா எல்லோரையும் இழுத்துத் திட்டுவார்கள். டாக்கீஸைப் பிரித்துக்கொண்டு போனபோது நான் லாரியில் கிளீனரானேன். பிறகு கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரி. பிறகு ராஜபாளையத்தில் ஒரு மில்லில் டெம்பரரி. பஞ்சு தூசியில் இருமல் வந்து நின்றேன். மறுபடியும் ஒரு தியேட்டர். எந்த இடத்திலும் நான் நிலைத்ததில்லை. நிலைக்க வேண்டும் என்று யாரும் கேட்டதும் இல்லை.

அந்தத் தியேட்டருக்குத்தான் ஒரு நாள் மேட்டினி நேரத்தில் மேடம் வந்தார். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். படம் பார்க்க வரவில்லை. ஆபரேட்டர் கேபினுக்கு ஏறி வந்து, "கார்பன் எரியுறதைப் பார்க்கணும்" என்றார். எங்கள் ஆபரேட்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏம்மா, எல்லாரும் வெளிச்சம் விழுற பக்கம்தான் உக்காருவாவ. நீங்க என்ன, வெளிச்சம் வார பக்கம் வந்திருக்கீக?"

"எனக்குப் படம் வேண்டாம்ணே. கரிதான் வேணும்."

கறுப்புக் கண்ணாடி வழியாக இடைவேளை வரை நின்று பார்த்தார். போகும்போது, கல்லூரியில் தனக்கு இதே மாதிரி ஒன்றைக் கையால் எரிக்க ஆள் வேண்டும் என்று கேட்டார். நான் போனேன். லேப் அட்டெண்டர், டெம்பரரி.

லேப் என்று சொன்னது பழைய சைக்கிள் ஷெட். இயற்பியல் துறைக்குப் பின்னால் இருந்தது. உள்ளே அறை கொடுக்கவில்லை. ஊரில் ஒரு லேத் பட்டறையில் செய்துவாங்கிய இரும்பு உருளை ஒன்று, அதில் உள்ளே பார்க்க ஒரு குவார்ட்ஸ் ஜன்னல், காற்றை உறிஞ்ச ஒரு பம்பு, குச்சிக்குக் கரண்ட் கொடுக்க ஒரு வெல்டிங் ரெக்டிபயர். உருளைக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு ஹீலியம் வாயுவைக் கொஞ்சம் விட்டு, அதற்குள் கிராபைட் குச்சிகளை எரிப்போம். குச்சி ஆவியாகிப் புகையாகிச் சுவரில் படியும். ஒட்டடை போன்ற கரி. ஊதினால் பறந்துவிடும்.

அந்தக் கரிக்குள் ஒரு பொருள் இருந்தது. அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்து உருண்டையாக, கால்பந்தின் தையல் மாதிரியே ஐந்து மூலைக் கட்டமும் ஆறு மூலைக் கட்டமுமாக நிற்கும் மூலக்கூறு. உலகத்துக்கே அது அப்போது புதுசு. மேடம் விளையாட்டு அறையிலிருந்து ஒரு பழைய பந்தைக் கொண்டுவந்து தையலை எண்ணிக் காட்டினார். கரியை டொலுவீன் என்ற திரவத்தில் கரைத்து வடிகட்டி, பிறகு வெள்ளைப் பொடி நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக இறக்கியபோது, அடியில் நாவல்பழச் சாற்றின் நிறத்தில் சொட்டியது. கரியிலிருந்து அந்த நிறம் வந்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்த யாரும் அதன் பிறகு அதைக் கரி என்று சொல்ல மாட்டார்கள். துறைத் தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்:

"அடுப்புக்கரியில ஆராய்ச்சி பண்ண எம்.எஸ்சி. எதுக்கும்மா? எங்க வீட்டு அடுப்பங்கரைக்கு வாங்க. நானே பி.எச்டி. தாரேன்."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மேடத்தின் புடவையில் எப்போதும் கரி இருந்தது, அவர் பின்னால் மாணவர்கள் "கரி மிஸ்" என்றார்கள். அதையும் அவர் கேட்டும் கேளாதது போல் போவார்.

ஒரு தரம் ஹீலியம் நிரம்பக் காத்திருந்தபோது கேட்டேன். "பந்து இருக்குன்னு கண்டுபிடிச்சாச்சுல்லா மேடம். இன்னும் எதுக்கு எரிக்கோம்?"

"தம்பி, நீ எங்க குடியிருக்க?"

"மில் லைன் வீட்டுல."

"பக்கத்து வீட்டுல சண்டை போட்டாக் கேக்குமா?"

"சண்டை எதுக்கு? பெருமூச்சு விட்டாலே கேக்கும்."

"அதான் என்னோட ஆராய்ச்சி."

பிறகு விளக்கினார். அந்தப் பந்துகளைத் திரவத்தில் கரைத்தால் ஒவ்வொன்றும் தனியாக மிதக்கும். திடப்பொருளாக்கினால், பழக்கடையில் சாத்துக்குடி அடுக்கியது போல் ஒன்றை ஒன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு பந்துக்குள்ளும் எலக்ட்ரான்கள் இருப்பதற்கு என்று படிகள் உண்டு. தனியாக இருக்கும்போது அந்தப் படிகள் ஒரு மாதிரி. அடுக்கிய பிறகு பக்கத்துப் பந்தோடு கொஞ்சம் பேச்சுவார்த்தை வந்துவிடுகிறது. ஒரு பந்தின் எலக்ட்ரான் அடுத்த பந்துக்குத் தாவ முடிகிறதா, எவ்வளவு தயங்குகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பாட்டிலில் கரைந்திருக்கும் பந்து எந்த எந்த நிறத்தை விழுங்குகிறது, கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் படிந்த பந்துகள் எதை விழுங்குகின்றன. தனியாக இருந்தபோது விழுங்காத ஒரு நிறத்தைக் கூட்டமாக இருக்கும்போது விழுங்கினால், அது பக்கத்து வீட்டுச் சங்கதி.

எனக்குப் புரிந்தது. புரியாததற்கு என்ன இருக்கிறது? நான் பாதி ஆயுளை அடுத்தவன் சுவருக்குப் பக்கத்தில் படுத்துக் கழித்தவன்.

பாட்டிலுக்கு வேண்டியதை முதல் தவணைக் கரியிலேயே எடுத்துவிட்டோம். படலத்துக்குத்தான் நிறையத் தேவைப்பட்டது. கோடையிலிருந்து எரித்தோம். மில்கள் முழு ஓட்டத்தில் இருக்கும்போது வோல்டேஜ் விழும், ஆர்க் அணையும். மறுபடி பற்றவைப்போம். ஹீலியம் சிலிண்டர் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். அது தீர்ந்துவிடக் கூடாதென்று மேடம் வால்வைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார், ஏதோ அவர் மூச்சுதான் செலவாவது போல. ஒவ்வொரு தடவையும் கரியைச் சுரண்டினால் பாதி பறந்துபோகிறது என்று, உருளையின் சுவரிலேயே தடிக்க விட்டோம். மொத்தமாக ஒரே தரம் சுரண்டுவது என்று திட்டம். மதுரையில் மேடத்துக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர், படலம் பூசும் கருவியையும் அளக்கும் கருவியையும் விஜயதசமி முடிந்ததும் இவருக்கென்று ஒதுக்கியிருந்தார். மேடத்தின் பி.எச்டி. பதிவுக்காலம் அந்த வருஷத்தோடு முடிகிறது. விஜயதசமி காலையில் வந்து சுரண்டி எடுத்துக்கொண்டு அப்படியே மதுரை பஸ் ஏறுவது என்று சொல்லிவிட்டு, மேடம் பூஜைக்கு வீட்டுக்குப் போனார். போகும் முன்பு உருளையின் மேல் சாக்பீஸால் "தொடாதீர்கள்" என்று பெரிதாக எழுதினார்.

ஆயுத பூஜை அன்று காலையில் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு சோழபுரம் போய் வாழைக்கன்று வெட்டிவரச் சொன்னார். போனேன். கன்றை கேரியரில் கட்டிக்கொண்டு திரும்பி வந்து ஷெட்டில் சைக்கிளை நிறுத்தியபோதே மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

இங்கே கல்லூரி மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் முன்பு ஒரு மில்லில் மிஷின்களைக் கழற்றி மாட்டும் பிட்டர் மேஸ்திரி. ஓய்வு பெற்ற பிறகு கமிட்டிக்காரர்கள் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார்கள். வீட்டில் தெலுங்கும் எங்களிடம் தமிழும் பேசுவார். மில்லில் ஆயுத பூஜை என்றால் லேசான காரியம் இல்லை. வருஷம் முழுக்க எண்ணெயும் பஞ்சுமாக அடைந்து கிடக்கும் மிஷினை, முதல் நாளிலிருந்தே மண்ணெண்ணெயும் வேஸ்ட் பஞ்சும் வைத்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும். அழுக்கோடு ஒரு மிஷினைச் சாமி முன்னால் நிறுத்துவது பிட்டருக்கு மானக்கேடு. அந்தப் பழக்கம் அவரோடு கல்லூரிக்கும் வந்துவிட்டது.

அன்று ஷெட்டுக்குள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். உருளையின் மூடி திறந்திருந்தது. உள்ளே எவர்சில்வர் குடம் போல மின்னியது. குவார்ட்ஸ் ஜன்னலில் மூன்று விரல் சந்தனம், நடுவே குங்குமம். பம்புக்குச் செவ்வந்தி மாலை. சாக்பீஸ் எழுத்து இருந்த இடம்கூடப் பளபளத்தது.

"வாடா, வா," என்றார் சந்தோஷமாக. "எம்புட்டு அழுக்கு! வருசம் பூரா தொடைக்கவே மாட்டியளா? மில்லுல நான் தொடச்ச மிஷின்ல மொகம் பாத்துச் சவரம் பண்ணலாம், தெரியும்ல?"

"கரி எங்க?"

"எந்தக் கரி?"

"உள்ள இருந்த கரி எங்கய்யா?"

அவர் முகம் மாறியது. "அழுக்கைக் கேக்குதியா? சீமெண்ணெ விட்டு அலசி அந்தா பின்னால ஊத்தியாச்சு."

பின்னால் ஓடினேன். சிமெண்டு வாய்க்காலில் கறுப்பாக ஒரு தடம் போய், வேப்பமரத்து அடியில் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. மேலே மண்ணெண்ணெய் வானவில் போல மினுங்கியது. கையால் வழித்தேன். மண்ணும் எண்ணெயும்தான் வந்தது. ஒரு மனிதர் மூச்சைப் பிடித்துச் சேர்த்தது வேருக்குப் போய்விட்டது.

மேனேஜர் மேல் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. அவர் உண்மையாகவே பூஜைக்குத் துடைத்தார். விஷயம் தெரிந்ததும், "அய்யய்யோ, எழவு, தொடாதன்னு எழுதுனது கரண்டுக்குன்னுல்லா நெனச்சேன், எனக்கு யாரும் சொல்லலியே" என்று தலையில் கை வைத்துவிட்டார். ஆனால் துறைத் தலைவருக்குத் தெரியும். ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேனேஜர் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்திருக்கிறார். காபி டம்ளர் இன்னும் அங்கேயே இருந்தது.

பூஜை முடிந்து பொரிகடலை கொடுத்த பிறகு துறைத் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இந்தா பாருப்பா. மேடம் வந்து கேட்டா, நீ தொடச்சதாச் சொல்லிரு."

"நான் சோழபுரத்துல வாழை வெட்டிக்கிட்டு இருந்தேன் சார். நீங்கதான அனுப்புனீக."

"அது யாருக்குத் தெரியும்? மேனேஜர் கமிட்டிக்கு வேண்டியவரு. பூசை நாளும் அதுவுமா பெரிய மனுசன் பேரைக் கெடுக்கலாமா? நீ டெம்பரரி. உனக்கென்ன, வேற வேலை கெடைக்கும்."

"உங்களுக்குத் தெரியும்லா சார், அது கரி இல்லைன்னு."

"ஏலே, கரியைக் கரின்னு சொல்லாம பவுனுன்னா சொல்லச் சொல்லுத?" அவர் குரல் உயர்ந்தது. சுற்றி இருந்தவர்கள் பொரியை மெல்லுவதை நிறுத்தினார்கள். மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"அப்போ போன கரிக்கு நீங்க எதுக்குப் பயப்படுதீக?" என்றேன். அதற்கு மேல் என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது, லாரியில் கற்றது. சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

நடந்த நடையில் எனக்கு ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அந்த ஷெட்டில் ஸ்பானருக்குச் சந்தனம் வைத்தார்கள், ஸ்க்ரூ டிரைவருக்கு வைத்தார்கள். எலிப்பொறிக்குக்கூட வைத்தார்கள், இரும்பாம். அந்த இரும்பெல்லாம் எதற்காக அங்கே இருந்ததோ அதை வாய்க்காலில் ஊற்றிவிட்டு, வெறும் பாத்திரத்தைக் கும்பிட்டார்கள். கும்பிட்டதற்குப் பொரியும் கொடுத்தார்கள். நானும் தின்றேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிய ஆரம்பித்து வெகு நேரம் கழித்துத்தான் ஊர் வந்தது. மேடத்தின் வீட்டுக்கு நான் போனபோது விளக்கு வைத்திருந்தார்கள். அவருடைய கணவர் கதவைத் திறந்தார், பள்ளிக்கூட வாத்தியார். "யாரு, கரி எரிக்கிற தம்பியா? உள்ள வா," என்றார்.

அங்கேயும் பூஜை. கூடத்தில் சாமி படங்களுக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கிப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. பிள்ளைகளின் பாடப்புத்தகம், வாத்தியாரின் ஹார்மோனியம், மேடத்தின் கட்டுரைத் தாள்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சின்னப் பாட்டில், மூடியில் சந்தனத்தோடு. கரைந்த பந்துகள் இருந்த பாட்டில்.

நின்றபடியே சொன்னேன். வாழைக்கன்று, மண்ணெண்ணெய், காபி டம்ளர், எல்லாம். முடித்த பிறகு மேடம், "பூராவுமா?" என்று மட்டும் கேட்டார்.

"பூராவும்."

"அடடா," என்றார் வாத்தியார். "சரி, போனது போகட்டும். கரிதான? மறுபடி எரிச்சுக்கிட்டாப் போச்சு."

மேடம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பூஜையிலிருந்த பாட்டிலை எடுத்தார்.

"ஏய், ஏய்! பூசையில வச்சதை இன்னைக்குத் தொடக்கூடாது. காலையில மறுபூசை பண்ணித்தான் எடுக்கணும்!"

"சாமி கோவிச்சா என்கிட்ட வரட்டும்," என்றார் மேடம். பாட்டிலைப் பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நாவல்பழ நிறம் அவர் விரல்களில் விழுந்தது. கொஞ்சம்தான் இருந்தது.

"இதை வத்த வச்சா படலத்துக்குத் தேறாதா மேடம்?" என்று கேட்டேன்.

"கண்ணாடியில ஒரு மூலைக்குக்கூடப் படியாது." மூடியைத் துடைத்தார். "தனியா இருக்கிறதை அளந்துரலாம். அடுக்கி இருக்கிறதுக்குத்தான் வழியில்லை. பாதியையாவது அளந்து காட்டிட்டு, இன்னும் கொஞ்சம் தவணை கேக்கணும். தவணை கெடைச்சா மறுபடி எரிக்கணும்."

அது எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தப் பெண்மணி விட மாட்டார் என்று நினைத்தேன். "நாளைக்குக் கல்லூரிக்கு வாங்க மேடம். நானும் வாரேன். எல்லார் முன்னாலயும் கேப்போம்," என்றேன்.

அவர் உட்கார்ந்தார். வாத்தியார் எனக்குச் சுண்டல் எடுக்க உள்ளே போனார்.

"தம்பி, நான் ஒண்ணு சொல்லுவேன். கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நீ செஞ்சதாவே இருக்கட்டும்."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அவிய செஞ்சாவன்னு நான் சொன்னா, நாளைக்கே அந்த ஷெட்டைப் பூட்டிருவாவ. வேற காரணம் சொல்லுவாவ, ஆனா பூட்டிருவாவ. நீ செஞ்சதுன்னா, ஆளை மாத்துங்கன்னு சொல்லுவாவ, அம்புட்டுதான். ஷெட் இருக்கும். எனக்கு ஷெட் வேணும் தம்பி."

"அப்போ நான்?"

அவர் பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "உனக்கு வேற வேலை கெடைக்கும்," என்றார்.

அதே வார்த்தை. மத்தியானம் அந்தத் துறைத் தலைவர் சொன்ன அதே வார்த்தை. அவன் சொன்னபோது எனக்கு வாய் இருந்தது. இவர் சொன்னபோது இல்லை.

அவர் கணக்கு தப்பில்லை. அது எனக்கு அப்போதே தெரிந்தது, அதனால்தான் கோபம் இரட்டிப்பானது. பூஜையில் வைத்ததை எடுக்கத் துணிந்தவருக்கு, நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தவனைக் கேட்கத் துணிவில்லை. துணிந்தால் ஆராய்ச்சி நிற்கும். துணியாவிட்டால் நான் வெளியே நிற்பேன். இரண்டில் எது மலிவு என்று படித்தவர்கள் எல்லோரும் ஒரே விடைக்குத்தான் வருகிறார்கள்.

"நீங்க என்னமும் சொல்லிக்கோங்க மேடம்," என்றேன். "நான் செஞ்சேன்னு என் வாயால சொல்ல மாட்டேன். அந்தக் காம்பவுண்டுக்குள்ளயும் வர மாட்டேன். வராதவன் மேல எதையும் போடலாம்."

"ஆர்க்கை யாரு பிடிக்கிறது?" என்றார். என்னைக் கேட்டது மாதிரி இல்லை. பிறகு அவரே, "நானே பிடிச்சுக்கிடுதேன்," என்றார்.

வாத்தியார் சுண்டலோடு வந்தபோது நான் படி இறங்கிக்கொண்டிருந்தேன். "ஏம்ப்பா, சாப்பிட்டுப் போ," என்று பின்னாலேயே வந்தார். வாங்கவில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை பிரசாதத்தோடு வெளியேற எனக்கு மனசில்லை.

அவருக்குத் தவணை கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஷெட்டும் இருந்ததாம். படலம் போட்டாரா, பந்துகள் பக்கத்து வீட்டோடு பேசினவா என்பது எனக்குத் தெரியாது. பேசியிருந்தால் நல்லது. அந்தக் கல்லூரியில் மட்டும் இன்றைக்கும் ஆயுத பூஜை வந்தால் ஒரு கதை சொல்கிறார்களாம், விவரமில்லாத ஒரு அட்டெண்டர் ஆராய்ச்சிக் கரியை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிவிட்டான் என்று. சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

அன்று ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்தேன். விஜயதசமி காலை. புதுசாக எதையும் தொடங்க நல்ல நாள் என்பார்கள். எதிரே ஒரு பால்கோவாக் கடையில் அடுப்பைக் கழுவிக் கோலம் போட்டு மறுபடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் வேண்டுமா என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கு முன்னால என்ன வேலை?"

"கரி எரிச்சுக்கிட்டு இருந்தேன்."

"எரிச்சது போதும். இங்க சுரண்டணும்," என்று பின்பக்கம் கையைக் காட்டினார். பால் காய்ச்சும் பெரிய இரும்புச் சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. விளிம்பைச் சுற்றி நேற்று வைத்த சந்தனப் பொட்டு. அடியில் புளிய விறகுக் கரி விரல் தடிமனுக்கு அப்பியிருந்தது. பூஜைக்கு முகத்தை மட்டும் கழுவியிருக்கிறார்கள்.

ஒரு தகட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் சட்டி பாதி முடிந்தபோது மேடம் ரோட்டைக் கடந்து போனார். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். உள்ளே பாட்டில் இருக்கும். மதுரை பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. பஸ் போன பிறகு, சுரண்டிய கரி முறத்தில் குவிந்திருப்பதைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, இதை என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"எதை?"

"இந்தக் கரியை."

அவர் பாலைக் கிண்டுவதை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னடா கேள்வி இது? வாய்க்கால்ல கொட்டு."

"நான் கொட்ட மாட்டேன்," என்றேன். "நீங்களே கொட்டிக்கோங்க."

காலையில் முதலில் வந்த ஆளை, அதுவும் விஜயதசமி அன்று, விரட்ட அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. முறத்தை அவரே எடுத்துக்கொண்டு போனார். நான் அடுத்த சட்டியை இழுத்துக்கொண்டேன்.